பதினெட்டாவது நகம்

முடி வெட்ட வந்தால் அவர் முதலில் கையைத்தான் காட்டுவார். வலது உள்ளங்கையை விரித்து, உட்கார்ந்திருக்கிறவன் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார். பிறகு கையை இறக்கிவிட்டுச் சும்மா நிற்பார். நாமாகத் தலையைக் குனிந்துகொடுக்கும்வரை, சவரம் என்றால் நாமாகத் தாடையைத் தூக்கும்வரை, கத்தி கிட்டே வராது. "குனியுங்க", "நிமிருங்க" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு இது ஆகவே ஆகாது. நான் அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதற்கு ஆபீசில் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அவர் கையைக் காட்டியதுமே "ஆகட்டும், ஆகட்டும், சீக்கிரம்" என்று தலையை முன்னால் தள்ளுவேன். ஆறு வருஷம் அவரிடம் தலை கொடுத்தேன். ஆறு வருஷமும் அதை ஒரு கிறுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்று சொல்வதுதான் நியாயம். முடி வெட்டுகிறவர் என்பதால் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லாரும் அவரைப் பரியாரி என்றே கூப்பிட்டோம். இப்போது அவர், இவர் என்று மரியாதையாக எழுதுகிறேனே தவிர, அப்போதெல்லாம் வாப்பா, போப்பாதான். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. குவார்ட்டர்ஸில் இருபது வயதுப் பாயின்ட்ஸ்மேன்களை நான் 'நீங்க' என்றுதான் பேசினேன். வீட்டுக்கு வந்தால் பின்வாசல் படியோடு சரி, உள்ளே வா என்று அவரை ஒருவரும் சொன்னதில்லை. அவரும் அந்தப் படியைத் தாண்டிப் பார்த்ததில்லை.

ஆள் பெரிய உருவம். தோளும் வயிறும் ஒரு மல்யுத்தக்காரனுக்கு வேண்டிய அளவு இருந்தன. குரல் மட்டும் கீச்சென்று வரும். அதனாலோ என்னவோ அதிகம் பேசமாட்டார். குவார்ட்டர்ஸ் கடைசி வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆங்சானா மரம் நின்றது. அதன் அடியில் மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேராவது வரிசையாகக் குந்தியிருப்பார்கள். பத்துப் பேரும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். யாராவது சத்தம் போட்டால் அவருக்கு ஒரே ஒரு பதில் இருந்தது.

"தலை அவுங்களுது லா. கத்தி மட்டுந்தான் நம்மளுது."

மலைமேல் பங்களாவில் ஒரு துரை இருந்தார். பெரிய சண்டையில் இருந்துவிட்டு வந்தவர் என்றார்கள். அவருக்குக் கை நடுங்கும், தானாகச் சவரம் செய்துகொள்ள முடியாது. மற்றவன் கத்தி கழுத்தில் பட்டாலோ துள்ளி எழுந்துவிடுவார். ஒரு தடவை அப்படித் துள்ளியதில் காது ஓரம் கிழிந்து, சவரம் செய்தவன் படிக்கட்டில் உருண்டான். அதற்குப் பிறகு அந்த பங்களாப் பக்கம் யாரும் போகவில்லை. நம்மவரைக் கூப்பிட்டார்கள், போனார். முதல் நாள் கையைக் காட்டினார், முகத்தில் சோப்பு போட்டார், துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் கத்தியைத் திறந்து மேசைமேல் வைத்தார், எடுக்கவில்லை. பங்களாச் சமையல்காரன் இதைக் குவார்ட்டர்ஸில் வந்து நடித்துக் காட்ட, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஐந்தாம் நாள் துரை கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைச் சாய்த்தாராம். ஊருக்குக் கப்பல் ஏறும்வரை அந்தக் கழுத்தை வேறு யாரும் தொடவில்லை.

கோயிலில் நடந்தது இன்னும் மோசம். ஒர்க்‌ஷாப் பிட்டர் ஒருவர் தன் மகனுக்கு முதல் முடி இறக்கினார். மூன்று வயசுப் பிள்ளை. தாய்மாமன் அவனைத் தன் மடியில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிள்ளை கத்திய கத்தலில் குருக்களே மணியை நிறுத்திவிட்டார். பரியாரி கத்தியை மடக்கிப் பெட்டிக்குள் போட்டார்.

"என்னப்பா இது? நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு!" என்றார் பிட்டர்.

"போகட்டுங்க. நாளைக்கும் வரும்."

பிறகு தரையில் பிள்ளைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்துத் தண்ணீரைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் தன் தலையைக் குனிந்தார். பிள்ளை அழுதுகொண்டே ஒரு கை தண்ணீரை அந்தப் பெரிய தலையில் தெளித்தான். இன்னொரு கை தெளித்தான். கிண்ணம் காலியாவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். நல்ல நேரம் முடிந்து, ராகு காலம் பிறந்து, அது பாதி போன பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் முடி இறங்கியது. பிட்டர் ஒரு வருஷம் அவரிடம் பேசவில்லை. அந்தப் பையன் பிறகு நன்றாக வளர்ந்து சாலாக் செலாத்தானில் கடை வைத்தான். ராகு அவனை ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

ஏன் இப்படி இருக்கிறாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தவர் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினார். அரை விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. "எங்கப்பாவுக்குக் கை கெட்டிங்க. புடிச்சா புடிதான். நான் அவருகிட்டத்தான் முதல்ல தலை குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான், திரும்பவும் தீட்டப் போய்விட்டார்.

இனி எங்கள் நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நாயின் பெயர் வீரன். நாய்க்குப் பேர் முத்துமாலையாம் என்பார்களே, அந்த மாதிரி. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் இருப்பான். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். என் மனைவி கிள்ளானிலிருந்து கல்யாணமாகி வந்தபோது மடியில் வைத்துக் கொண்டுவந்த குட்டி. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, பெரியம்மா வளர்த்தவள். அந்த வீட்டிலிருந்து அவள் ஆசைப்பட்டு எடுத்துவந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பெரியம்மாவாகக் கொடுத்த சீர். அந்தச் சீரில் ஒரு பாக்குவெட்டியும் இருந்தது.

வீரனுக்கு நகம் வளர்ந்து நடக்கும்போது சிமெண்டுத் தரையில் டக்டக்கென்று கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது என் காதில் விழுந்து தொலைத்தது. நகவெட்டி தேடினேன், கிடைக்கவில்லை. பாக்குவெட்டி கிடைத்தது. பாக்கையே வெட்டுகிறது, நகம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அரிசிச் சாக்கில் நாயைச் சுருட்டி, ஒரு காலை மட்டும் வெளியே இழுத்து, நானே வெட்டினேன். நகத்தோடு உள்ளே இருந்த சதையும் போயிற்று. ரத்தம் பீறிட்டது. சாக்குக்குள்ளிருந்து தலையை எப்படி எடுத்தான் என்று தெரியவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

அதற்குப் பிறகு வீரன் காலை யாரும் தொட முடியவில்லை. தொட்டால் பல் தெரியும். நானும் தொடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். கோபம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் என் மனைவி உண்டானாள். எங்கள் வழக்கப்படி நான் முடியும் தாடியும் வெட்டாமல் வளர்த்தேன். ஏழாம் மாதம் வளைகாப்புக்குக் கிள்ளானிலிருந்து வந்த பெரியம்மா, பிரசவம் வரைக்கும் கூடவே இருப்பதாகத் தங்கிவிட்டார். நல்ல மனுஷி. நாலு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்வார். வெற்றிலை மட்டும் நிற்காது. விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும்வரை மடியில் பெட்டியும் கையில் பாக்குவெட்டியும்தான். அந்தச் சமயத்தில்தான் வீரன் நொண்ட ஆரம்பித்தான். முன்னங்காலில் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் மாதிரி ஒரு நகம் தரையில் தேயாமல் தொங்கும். அது வளையம்போல் சுருண்டு சதையை அழுத்திக்கொண்டிருந்தது.

வளைகாப்பு முடிந்த நாலாம் நாள், என் மனைவி கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் காலைப் பார்க்கக் கையை நீட்டினாள். வீரன் சீறிக் கவ்வினான். பல் கையில் படவில்லை, வளையலில் பட்டது. இரண்டு கண்ணாடி வளையல் உடைந்து தரையில் சிதறியது.

வளைகாப்பு வளையல் உடைந்தால் எங்கள் வீடுகளில் அது சாதாரண விஷயமில்லை. பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாப்பிள்ளை, இந்த நாய் வேணாம். என் வீட்டு நாய் ஈன்ற குட்டிதான், நான்தான் குடுத்தேன், நானே சொல்றேன். நாளைக்கு ஒரு பச்சப்புள்ள தவழுற வீடு இது. புள்ள பொறக்குமுன்னாடி இது போயிடணும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாதக் கடைசியில் தெருநாய்களைச் சுட ஓர் ஆள் துப்பாக்கியோடு வருவான். அவனிடம் பிடித்துக் கொடுத்துவிடுவது என்று சொன்னேன். சொன்னவுடன் என் மனைவி உடைந்த வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பெரியம்மா மன்றாடியதற்காக இரண்டு வாய் சாப்பிட்டாள். அந்த நிலைமையில் இருக்கிறவள் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடிவாதமாக இருந்தேன்.

பக்கத்து வீட்டில் முடி வெட்ட வந்த பரியாரி இதைக் கேள்விப்பட்டு எங்கள் பின்வாசலில் வந்து நின்றார்.

"கிராணியாரே, ஒரு மாசம் குடுங்க. நான் பார்க்கிறேன்."

"உனக்கென்ன தெரியும் நாயைப் பத்தி? கடிச்சு வைக்கும்ப்பா."

"கடிச்சா என் கை லா. உங்களுக்கென்ன?"

உள்ளே கதவு திறந்தது. என் மனைவி வந்து நின்றாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரைப் பார்த்து, "பாருங்க" என்றாள். அவள் அவரை 'நீங்க' என்றது அப்போது எனக்கு உறுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து அவர் வந்தார். ஆங்சானா மரத்தடியில் ஆள் காத்திருக்க, எங்கள் பின்வாசல் படியில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு நெத்திலிக் கருவாடு. கத்தியைத் தீட்டினார், ஏதோ முனகினார், எழுந்து போய்விட்டார். நாயின் பக்கம் திரும்பிப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. மூன்று நாள் இதே கூத்து. மூன்றாம் நாள் நெத்திலி காணாமல் போயிருந்தது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. துரை கதை ஞாபகத்துக்கு வந்தது.

நாலாம் நாள் அவர் கேட்டார்: "உள்ள டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருதே, என்னங்க அது?"

"பெரியம்மா பாக்கு வெட்டுறாங்க."

"அது கேக்கிறப்போ எல்லாம் இது கதவோரம் நீட்டுற மூஞ்சிய உள்ள இழுத்துக்குது. அன்னிக்கு அம்மா கை நீட்டினப்போ பாக்கு வெட்டினாங்களா?"

பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்து, ஆமாம், பக்கத்திலேயே உட்கார்ந்து வெட்டிக்கொண்டுதான் இருந்தேன் என்றார். நான் சாக்குக் கதையைச் சொல்லவேண்டியதாயிற்று. அதுவரை பெரியம்மாவுக்கு அது தெரியாது. தான் சீராகக் கொடுத்த பாக்குவெட்டியால் நாய் நகத்தை வெட்டினேன் என்று கேட்டதும் என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் மறக்கவில்லை.

"அப்போ அது அம்மாவைக் கடிக்கலை லா. பாக்குவெட்டியைக் கடிச்சிருக்கு" என்றார் பரியாரி. என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாதது எனக்கு இன்னும் சுட்டது.

அதற்குப் பிறகு அவர் பெரியம்மாவிடம் கேட்டதுதான் வேடிக்கை. படிக்குக் கீழே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கீச்சுக் குரலில் கேட்டார். பாக்கு வெட்டும்போதெல்லாம் நாய்க்கு ஒரு நெத்திலி போடவேண்டும். முதலில் முன்னறையில் உட்கார்ந்து வெட்டவேண்டும். அப்புறம் நாளுக்கு ஒரு முழம் கட்டில் பக்கம் நகர்ந்து வரவேண்டும்.

"நாய்க்கு விருந்து வச்சு நான் வெத்தலை போடணுமா? அடியாத மாடு படியாதுப்பா. ரெண்டு போட்டா எல்லாம் சரியாப் போகும்."

"அடிச்சா அடங்கும் ஆத்தா. பழகாது. நாளைக்கு உங்க பேரப்புள்ள அதோட வாலை இழுப்பான். அப்போ அடங்கின நாய் வேணுமா, பழகின நாய் வேணுமா?"

பெரியம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். பிறகு, "பாசாருக்குப் போறப்ப நெத்திலி கூடக் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார்.

வெற்றிலையை அவரால் விட முடியாது. ஆக, வீரனுக்கு நாளுக்கு முப்பது பாடம். முன்னறையில் டக் என்று கேட்கும், கட்டிலுக்கடியில் நெத்திலி விழும். என் மனைவிதான் போடுவாள். அதற்காகவாவது அவள் எழுந்து நடந்தாள், சாப்பிட்டாள். பெரியம்மா ஒவ்வொரு நாளும் பாயை ஒரு முழம் நகர்த்தினார். எட்டாம் நாள் டக் என்று கேட்டதும் வீரன் தானே கட்டிலுக்கடியிலிருந்து தலையை நீட்டினான். பெரியம்மாவுக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டும். "வர்றான் பாரு, வர்றான் பாரு!" என்று பாக்கே இல்லாமல் பாக்குவெட்டியைத் தட்டினார்.

பின்வாசலில் பரியாரியின் வேலை தனியாக நடந்தது. முதலில் கையைக் காட்டினார், எங்களுக்கெல்லாம் காட்டுவதுபோலவே. வீரன் முகர்ந்தான். தோளில் ஒரு விரல் வைத்தார், எடுத்துவிட்டார். மறுநாள் தோளிலிருந்து முழங்கால் வரை. அடுத்த நாள் பாதம். ஒவ்வொரு தடவையும் நாய் காலை இழுப்பதற்கு ஒரு நொடி முன்னால் கையை எடுத்துவிடுவார். அது எப்படித்தான் அவருக்குத் தெரிந்ததோ.

"அது இழுத்த பிறகு நாம விட்டா, இழுத்தாத்தான் விடுவாங்கன்னு படிச்சுக்கும். அடுத்து, கடிச்சாத்தான் விடுவாங்கன்னு படிக்கும். அதுக்கு முந்தி நாம விட்டுடணும்."

பெட்டியிலிருந்த நகவெட்டியை நாய்க்குப் பக்கத்தில் வைத்துத் தென்னை ஈர்க்கைக் கத்தரித்தார். சத்தம், ஒரு நெத்திலி. சத்தம், ஒரு நெத்திலி. வெந்நீரில் மஞ்சளும் உப்பும் போட்டு, நொண்டும் காலைத் தட்டில் வைக்கப் பழக்கினார். பதினோராம் நாள் முதல் நகம். பின்னங்காலில், ஓர் அரிசி முனை அளவு. படிகாரத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தார், தேவைப்படவில்லை. பெட்டியை மூடிவிட்டார்.

"ஏம்ப்பா, ஆடாம நிக்குதே! அடுத்ததையும் வெட்டேன்."

"போதுங்க. நல்லா இருக்கிறப்பவே எந்திரிச்சுடணும்."

"ஒரு நாளைக்கு ஒண்ணா? மொத்தம் எத்தனை இருக்கு?"

"பதினெட்டு."

மூன்று வருஷம் வளர்த்த நாய்க்கு எத்தனை நகம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாளுக்கு ஒன்றாகப் பதினேழு நகம் முடிந்தது. அந்தச் சுருண்ட நகத்தை மட்டும் அவர் தொடவில்லை. வலிக்கிற இடத்தைக் கடைசியில்தான் தொடவேண்டும் என்றார். மாதக் கடைசி வந்துவிட்டது. மறுநாள் துப்பாக்கிக்காரன் வருகிற நாள். நகமும் இன்னும் இரண்டு நாள் விட்டால் சதைக்குள் இறங்கிவிடும்.

பெரியம்மா அன்று காலை படியருகே வந்து உட்கார்ந்தார். அவர் மனசு மாறியிருந்தது, ஆனால் மூளை மாறவில்லை.

"பரியாரி, உங்கிட்ட நிக்குது. எங்கிட்ட வருது. ஒத்துக்கிறேன். ஆனா நீ நாளைக்கு இருக்கமாட்ட, நானும் புள்ள பொறந்து மூணு மாசத்துல கிள்ளானுக்குப் போயிடுவேன். இது கடிச்சது வீட்டுக்காரனை. அவரு கையால அந்த நகத்தை வெட்டட்டும். இது சும்மா நின்னா இங்க இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கே போகட்டும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். எட்டு மாத வயிற்றோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மாதமாக அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவங்க சொல்றதுதாங்க சரி" என்றார் பரியாரி. நகவெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு படி கீழே இறங்கி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நான் உட்கார்ந்தேன். வீரன் ஒரு முழம் தள்ளி நின்றான். கையைக் காட்டினேன். முகர வந்தவன் நகவெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வந்துவிட்டான், அவ்வளவுதான் என்று நான் காலைப் பிடிக்கப் போனேன். வெடுக்கென்று பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். உதடு மேலே ஏறியது. மணிக்கட்டுத் தழும்பு எனக்குத் தீயாய் எரிந்தது.

"முடியாது. இது என்கிட்ட வராது. வாப்பா, நீயே வெட்டிடு!"

பரியாரி திரும்பவில்லை.

"காலு அதோடதுங்க, கிராணியாரே. நகவெட்டி மட்டுந்தான் உங்களுது."

எனக்கு வந்த கோபத்துக்கு நகவெட்டியை அவர் முதுகில் எறிந்திருப்பேன். எறியவில்லை. என் மனைவி கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நகவெட்டியைத் தரையில் வைத்தேன். கையை விரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

நான் அப்படிச் சும்மா இருந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. கிள்ளான் ரயில் ஒன்று போயிற்று. ஆபீசுக்கு மணி அடித்தது, போகவில்லை. பெரியம்மாகூடப் பாக்கு வெட்டுவதை நிறுத்தியிருந்தார். அந்த நேரத்தில் எனக்குச் சாக்குதான் ஞாபகம் வந்தது. சாக்குக்குள் அதற்கு என்ன தெரிந்திருக்கும்? இருட்டு, மூன்று ஆள் பாரம், காலில் ஒரு வலி. அதற்கு அன்று நான் யாராகத் தெரிந்திருப்பேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. நாய்முன் வெட்கப்பட்டேன் என்று சொல்ல இப்போது எனக்குக் கூச்சமில்லை.

இரண்டாவது ரயிலும் போன பிறகு, பின்னால் மெதுவாக டக் என்று கேட்டது. பெரியம்மாதான். வீரன் காதைத் தூக்கினான். சுவரை விட்டு வந்தான். பெரியம்மாவைத் தாண்டி என்னிடம் வந்து, விரித்திருந்த என் உள்ளங்கையை முகர்ந்தான், மணிக்கட்டை முகர்ந்தான். பிறகு உட்கார்ந்து, அந்த நொண்டும் காலைத் தூக்கி என் முழங்கால்மேல் வைத்தான்.

கையில் வைக்கவில்லை, முழங்காலில்தான் வைத்தான். நான் பிடிக்கவும் இல்லை. ஒரு கையால் நகவெட்டியை எடுத்து, சுருண்ட நகத்தின் நடுவில் வைத்து அழுத்தினேன். சத்தம் கேட்டது. வளையம் தெறித்துத் தரையில் விழுந்தது. சதையில் ஒரு சிவப்புப் பள்ளம் மட்டும் இருந்தது, ரத்தம் இல்லை. வீரன் நெத்திலிக்குக்கூடக் காத்திராமல் அந்த இடத்தை நக்க ஆரம்பித்தான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாடி இருந்ததால் பிழைத்தேன்.

"வெயில் ஏறிடுச்சு, ஆளுங்க திட்டுவாங்க" என்று பரியாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் துப்பாக்கிக்காரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போனான். வீரன் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக் குரைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான்.

பெண் குழந்தை பிறந்தது. முப்பது நாள் தீட்டுக் கழிந்து, முப்பத்தோராம் நாள் காலை என் தாடியை எடுக்க அவரை வரச் சொல்லியிருந்தேன். பின்வாசல் படியில் வந்து நின்றார். "உள்ள வாங்க" என்றேன். அவர் பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறேன் என்று பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல் உள்ளங்கையை விரித்து என் கண்ணுக்கு நேரே காட்டிவிட்டு நின்றார். "ஆகட்டும் ஆகட்டும்" என்று சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஆறு வருஷமாக இந்த மனுஷர் ஒவ்வொரு தடவையும் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு தடவைகூட நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவரிடம் நான் அனுமதி என்று எதையும் கேட்டதுமில்லை.

தாடையைத் தூக்கினேன். "ஆரம்பிங்க" என்றேன்.

கத்தி பாதி வழியில் நின்றது. என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தோல்வாரை எடுத்து, ஏற்கெனவே தீட்டி முடித்திருந்த கத்தியைத் திரும்பவும் தீட்டினார். வெகு நேரம் தீட்டினார். ஆபீசுக்கு மணி அடித்தது. நான் தாடையைத் தூக்கியபடியே இருந்தேன். அன்று அவருக்காக நான் காத்திருந்தேன்.